எல்லை கேட்பவருக்கும் எல்லை உண்டு

(நாகர்கோயிலில் நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



குமரி மாவட்டத்தில் நின்றுகொண்டு ‘எல்லை’ என்ற சொல்லை உச்சரிப்பவன் சற்று நிதானித்து உச்சரிக்கவேண்டும். இந்த மண் எல்லைக்கு விலை கொடுத்த மண். 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் துப்பாக்கிகள் முழங்கின. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. முதல் நாள் இரவு ஒரு மாநிலத்தில் உறங்கியவர்கள் மறுநாள் காலை வேறொரு மாநிலத்தில் விழித்தார்கள். வீடு நகரவில்லை, வயல் நகரவில்லை, கோடு நகர்ந்தது!

அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்பவனைப் பார்த்து, ‘நீ எந்த நாட்டான்? எடு காகிதத்தை!’ என்று கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, எதுவரை உண்டு என்பதே இன்று நான் பேசவந்த பொருள்.

வடசேரிப் பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்காளம் பேசுகிறான். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலோ, கட்டட வேலையிலோ கூலி. காக்கி உடுப்பு அணிந்த ஒருவர் அருகே வருகிறார். ‘பங்களாதேஷா?’ என்கிறார். பையன் ஆதார் அட்டையை நீட்டுகிறான். ‘இது குடியுரிமைக்குச் சான்றல்ல’ என்கிறார் அவர். அதிலே அவர் சொல்வது சரிதான். ஆதார் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால், தோழர்களே, இந்தியக் குடிமகன் ஒருவன் தெருவில் நடக்கும்போது குடியுரிமைச் சான்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? இங்கே அமர்ந்திருப்பவர்களில் யாரிடம் இருக்கிறது அது? என்னிடம் இல்லை!

அதிகாரம் இல்லையென்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் வரவில்லை. அதிகாரம் பெரிது. 1946-ஆம் ஆண்டின் அந்நியர் சட்டத்தையும் அதனோடு வேறு மூன்று சட்டங்களையும் நீக்கிவிட்டு, 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் அந்நியர் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. ஹெட் கான்ஸ்டபிள் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வாரண்டு இன்றியே கைது செய்யலாம். ‘நான் அந்நியன் அல்ல’ என்று மெய்ப்பிக்கும் சுமை, பழைய சட்டத்தைப் போலவே, குற்றம் சாட்டப்பட்டவன் தலையில். அந்நியனை வெளியேற்றும் உரிமை அரசாங்கத்துக்கு முழுமையாக உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 1955-லேயே சொல்லியிருக்கிறது.

பின் எல்லை எங்கே? அசாமிலே, நல்பாரி மாவட்டத்து மனிதர் ஒருவரின் வழக்கிலே இருக்கிறது. போலீஸ் அவர்மீது சந்தேகம் கொண்டது. 2012-இல் தீர்ப்பாயம் அவர் வராத நிலையிலேயே ‘அந்நியர்’ என்று முத்திரை குத்தியது. ஐகோர்ட்டிலும் தோல்வி. மறுபடி விசாரித்தபோது, காகிதங்களில் பெயரின் எழுத்து வேறுபடுகிறது, தேதி பொருந்தவில்லை என்றார்கள். நம்மூரில் ஒரே மனிதன் ரேஷன் கார்டில் ‘செல்லையன்’, பத்திரத்தில் ‘செல்லையா நாடார்’, வாக்காளர் பட்டியலில் ‘செல்லயா’! அவனை எத்தனை நாடுகளுக்கு அனுப்புவது?

2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அந்த மனிதரை இந்தியர் என்று அறிவித்தது. அதோடு நிற்கவில்லை. சுமை அவன்மீதுதான்; ஆனால் அந்தச் சுமையை ஏற்றுவதற்கு முன் அதிகாரியின் கையிலே ஏதேனும் ஆதாரம் இருந்தாகவேண்டும், வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவன் கதவைத் தட்டி ‘நீ அந்நியன்’ என்று சொல்லிவிட முடியாது, அந்த ஆதாரத்தை அவனுக்குக் காட்டவும் வேண்டும் என்றது. பழைய சட்டத்தின்மீது எழுந்த தீர்ப்புதான். சுமை விதி புதிய சட்டத்துக்கு இடம் மாறியபோது, அந்த நியாயமும் கூடவே வந்துவிட்டது என்பது நம் வாதம். வங்காளம் பேசுவது ஆதாரமல்ல. லுங்கி ஆதாரமல்ல. முகச்சாயல் ஆதாரமல்ல!

அரசாங்கம் இதை மறக்கும்போது என்ன நேர்கிறது? மேற்கு வங்காளத்துப் பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணிப் பெண்ணொருத்தியை 2025 ஜூனில் டெல்லியில் பிடித்து, எல்லை தாண்டிப் பங்களாதேஷுக்குத் தள்ளினார்கள். செப்டம்பரில் கல்கத்தா ஐகோர்ட்டு அந்தக் குடும்பத்தை மீட்டுக் கொண்டுவரச் சொன்னது. அவள் திரும்பி வந்தது டிசம்பரில். நிறைமாதக்காரி கழித்த அந்த ஐந்து மாதங்களை எந்தக் கோர்ட்டு திருப்பித் தரும்?

இது வங்காளியின் கவலை, நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். வடநாட்டான் வந்து வேலையைப் பறிக்கிறான் என்று பேசும் நம் தோழர்களும் இருக்கிறார்கள், நான் அறிவேன். அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்வேன். டிரான்ஸ்வாலிலே 1907-இல் ஒரு சட்டம் வந்தது. ஆசியன் ஒவ்வொருவனும் கைரேகை கொடுத்துப் பதிவுச் சீட்டு பெறவேண்டும். தெருவிலே போலீஸ்காரன் கேட்டால் காட்டவேண்டும். 1908 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜொகானஸ்பர்க் மசூதித் திடலில் காந்தியார் முன்னிலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளைக் கொளுத்தினார்கள். அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிய போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் மாண்டாளே தில்லையாடி வள்ளியம்மை, அவள் யார்? சீட்டு கேட்கப்பட்ட தமிழச்சி! இன்றும் வளைகுடாவிலே நம் கடற்கரைப் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தி ‘இக்காமா எங்கே?’ என்று கேட்கிறான் போலீஸ்காரன். பாஸ்போர்ட்டோ முதலாளியின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது.

அமெரிக்காவிலும் இதே வழக்கு. மெக்சிகோக்காரன் போலத் தோன்றுகிறான் என்பதற்காக மட்டும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1975-இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2025 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சல்சில் தோற்றம், மொழி, தொழில், நிற்கும் இடம் இவற்றை மட்டும் வைத்து நிறுத்தக்கூடாது என்ற கீழ்க்கோர்ட்டின் தடையை நிறுத்திவைத்தது. ஐம்பதாண்டுக்கு முன் வரைந்த கோட்டை எவ்வளவு எளிதாக அழிக்கிறார்கள், பார்த்தீர்களா!

நம் மாவட்டத்துக்கு மீள்கிறேன். பழவிளையிலும் கோழிவிளையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு, புதிய சட்டத்தின் தண்டனைகளிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தார்கள். விலக்குதான், குடியுரிமை அல்ல. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு மதுரை ஐகோர்ட்டு 2022-இல் உத்தரவிட்டது; 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். நம் முகாம்களில் அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்தவர் யாரேனும் உண்டா? கிளைச் செயலாளர்கள் வீடு வீடாகச் சென்று கேட்கவேண்டும். பிறப்புச் சான்றை இன்றே தேடவேண்டும்.

சரி, வடசேரியில் நிற்கும் அந்தப் பையனுக்கு அருகில் நீங்கள் நிற்கிறீர்கள். என்ன செய்வீர்கள்? கைகலப்பு வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். கைது செய்யும் அதிகாரியின் பெயர் சட்டையிலே தெளிவாகத் தெரியவேண்டும் என்பது சட்டம்; அதைப் படித்துக்கொள்ளுங்கள். ‘ஐயா, இவரைக் கைது செய்கிறீர்களா? என்ன காரணம்?’ என்று கேளுங்கள். கைதுக்குக் காரணத்தை எழுத்தில், பிடிபட்டவனுக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வங்காளிக்குத் தமிழில் நீட்டினால் போதாது! கைதுக் குறிப்பிலே குடும்பத்தாரோ, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திடவேண்டும். உறவினருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வழிப்பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். பகைநாட்டவன் அல்லாத அந்நியனுக்கும் இந்த உரிமை உண்டு. உயிர்க்கும் சுதந்திரத்துக்கும் காவல் தரும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை. மனிதர் எவராயினும் என்கிறது.

அந்தச் சாட்சிக் கையெழுத்தைப் போட யாரும் முன்வருவதில்லை. அதுதான் என் கவலையெல்லாம். டீக்கடை அண்ணாச்சி உள்ளே போய்விடுவார். ஆட்டோக்காரர் வண்டியை எடுத்துவிடுவார். நீங்கள் நில்லுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. நாகர்கோயில் கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வங்காளமும் இந்தியும் தெரிந்த தோழர்கள் இருவர் வேண்டும். கூட்டம் கலையுமுன் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.