கட்டத் துணியின் கணக்கும் வண்ணமும்



பெரம்பலூரின் கரிசல் நிலத்தில் பருத்தி விளைகிறது. அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்தை அடுத்த இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களில் தறிகள் ஒலிக்கின்றன. ஆகவே, துணியைப் பற்றிய பேச்சு உங்களுக்கு அயலானது அன்று. கட்டம் போட்ட கைலியை அறியாதவர் நம்மில் யார்? அத்தகைய கட்டத் துணியைத் தங்கள் மரபின் அடையாளமாகவே போற்றுவோர் ஸ்காட்லாந்து நாட்டினர். அவர்கள் அதனை 'டார்ட்டன்' என்பர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ஒரு துணிக்கு உண்மையான நிறம் எது என்னும் வினாவை இன்று ஆராய்வோம்.

முதலில் கட்டம் பிறக்கும் விதத்தைக் காண்போம். தறியில் நீளவாட்டில் அமைவன பாவு இழைகள்; குறுக்கே செல்வன ஊடை இழைகள். இரண்டிலும் சிவப்பும் நீலமும் முறையாக மாறி வந்தால், சிவப்பைச் சிவப்பு கடக்குமிடம் தூய சிவப்பு. நீலத்தை நீலம் கடக்குமிடம் தூய நீலம். ஒன்றை மற்றொன்று கடக்குமிடம் ஊதாச் சாயல். சாயம் இரண்டே, கண்ணுக்குத் தெரியும் நிறங்களோ மூன்று! நூலின் நிறம் ஆறானால், தூய நிறம் 6, கலப்பு நிறம் 15, ஆக 21 தோன்றும். இவ்வளவுக்கும் அடிப்படை, இழைகளை எண்ணி அடுக்கும் கணக்கே ஆகும்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு உடையை 1746-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்தது. 1782-இல் அத்தடை நீங்கியது. ஓர் உடையை அரசே அஞ்சிய காலம் அது. பின்னர், 1856-இல் பெர்க்கின் என்னும் இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டார். அதன்பின் நிறங்கள் அழுத்தமாயின. இன்று ஒரே டார்ட்டன் அடர்ந்த 'புதிய' நிறத்திலும், தாவரச் சாயத்தை ஒத்த இளம் 'பழைய' நிறத்திலும், வெயிலும் மழையும் பட்டு வெளிறியது போன்ற நிறத்திலும் நெய்யப்படுகிறது. வியப்பு யாதெனில், 'பழைய' நிறமும் இன்று பெரும்பாலும் செயற்கைச் சாயத்தால் பெறுவதே! எனினும், இழைக் கணக்கு மாறாதவரை மூன்றும் ஒரே டார்ட்டன்தான். 2009-இல் தொடங்கிய ஸ்காட்லாந்தின் அரசுப் பதிவேட்டிலும் இழைக் கணக்கே வடிவத்தை உறுதி செய்கிறது.

நம் நாட்டுக் கட்டத் துணியும் கடல் கடந்து புகழ் பெற்றதே. 'மதராஸ்' என்னும் பெயரால் அது உலகெங்கும் அறியப்பட்டது. நைஜீரியாவின் கலாபாரி மக்கள் அதனைச் சடங்குகளில் போற்றுவர். சில இழைகளை அறுத்து நீக்கித் தங்களுக்குரிய புதுக்கோலத்தையும் அதில் படைப்பர். துவைக்குந்தோறும் சாயம் கசிந்து கட்டங்கள் ஒன்றோடொன்று கலக்கும் மதராஸ் துணியை 1960-களில் அமெரிக்க இளைஞர் விரும்பி அணிந்தனர். சாயம் கசிவது முன்னரே சொல்லி விற்கப்பட்டமையால், குறையாகக் கருதத்தக்கது சிறப்பாயிற்று.

கையால் சாயமிடும்போது, தண்ணீரின் தன்மை, படிகாரத்தின் அளவு, நூல் ஊறிய நேரம் ஆகியவற்றால் நிறம் சிறிது வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கண்டவுடன் போலி எனத் தள்ளிவிட்டால், நெசவாளியின் பல நாள் உழைப்பு வீணாகும். அடுத்த முறை கட்டத் துணியை வாங்கும்போது, நிறத்தை மட்டும் பார்த்து நில்லாதீர்கள். ஒரு கட்டத்தின் இழைகளையும் எண்ணிப் பாருங்கள். நிறம் நீருக்கும் வெயிலுக்கும் இசைந்து மாறும். நெய்தவர் மனத்தில் வகுத்த கணக்கு, துணி கிழியும்வரை மாறாது.