எஞ்சினீயர் படிப்பும் பனியன் தொழிலாளி பிள்ளைகளும்

(திருப்பூர் இராயபுரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று சனிக்கிழமை. சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு கம்பெனியிலிருந்து நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். நாம் அந்தக் கவரைப் பற்றியே முதலில் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில், பிளஸ் டூ பாசான நம் பிள்ளைகளை இன்றைக்குக் காலேஜுக்குப் போகவொட்டாமல் தடுப்பது, முன்போல் மனுவும் சாஸ்திரமும் மாத்திரமல்ல. இந்தச் சனிக்கிழமைக் கவரும்தான்.

போன வருஷம் நமக்குத் தெரிந்த ஒரு டைலர் வீட்டுப் பையன், சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்துக் கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல மார்க்கு வாங்கினான். தகப்பனார் பழனிக்குப் போய்த் தானும் மொட்டையடித்துப் பையனுக்கும் மொட்டையடித்துக் கூட்டிவந்தார். "மனுப் போட்டீர்களா?" என்றோம். "எஞ்சினீயருக்கு லட்சக்கணக்கில் ஆகுமுங்களே, நம்ம தலையெழுத்து அவ்வளவுதானுங்க" என்றார். பையன் இன்று ஓவர்லாக் மிஷினில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறான். எழுத்து தலையில் இருந்திருந்தால் மொட்டையடித்தபோதாவது கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டாமா? எழுத்து இருந்தது சர்க்கார் சட்டத்தில். அதைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்தச் சட்டம் 2021இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்களுக்கு எஞ்சினீயரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் நூற்றுக்கு 7.5 வீதம் இடம் தனியாக ஒதுக்கப்பட்டது. வைத்தியத்துக்கு அதற்கு முந்தின வருஷமே வந்துவிட்டது. ஏழரை என்றால் நம்மவர்களுக்குச் சனியன் ஞாபகம்தான் வரும். அதற்கு எள் விளக்குப் போடத் தெரிந்த அளவுக்கு, இந்த ஏழரைக்கு மனுப் போடத் தெரியவில்லை. இடம் மாத்திரமல்ல தோழர்களே, இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் சர்க்காரே கட்டுமென்று அதே 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். இதில் வராதவர்களுக்கும், வீட்டில் முதன்முதல் பட்டம் படிப்பவராயிருந்தால், கவுன்சிலிங் மூலம் சேரும்போது 2010 முதல் கட்டணச் சலுகை இருந்து வருகிறது. அதற்குத் தாலுகா ஆபீஸ் சர்ட்டிபிகேட் வேண்டும். ஈ-சேவை மையத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். கவுன்சிலிங்குக்கு முந்தின நாள் ஓடினால் கிடைக்காது.

இதிலும் குறையில்லாமலில்லை. கடன் வாங்கி இரண்டு வருஷம் மெட்ரிகுலேஷனுக்கு அனுப்பிவிட்டு, பிறகு சர்க்கார் பள்ளிக்குக் கொண்டுவந்தவர்களுக்கு 7.5 கிடையாது. உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளையும் சட்டம் சேர்க்கவில்லை. அவர்களும் கூலிக்காரர் பிள்ளைகள்தானே?

இந்திய சர்க்காரின் விஞ்ஞானத் துறையும் 2008இல் இன்ஸ்பயர் என்று ஒரு உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியது. பௌதிகம், ரசாயனம், கணிதம் போன்றவற்றில் பி.எஸ்ஸி. படிப்போருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். ஆனால் பரீட்சையில் முதல் ஒரு வீதத்துக்குள் வரவேண்டும் என்பது அதன் முக்கிய வழி. நம் சிக்கண்ணா காலேஜில் சேருகிற பிள்ளை, லீவு நாளெல்லாம் செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டிவிட்டுப் பரீட்சை எழுதியது. டியூஷன் வைத்துப் படித்ததோடு அதையும் ஒரே தராசில் நிறுப்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

இதைச் சொன்னால் "தகுதி, திறமை" என்பார்கள். இது பழைய பல்லவி. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவுப்படி 14 இடத்தில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கியவருக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1, முஸ்லிமுக்கு 1 என்று பிரித்திருந்தார்கள். அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்கள் இருவர். சீனிவாசன் என்பவர் கிண்டி எஞ்சினீயரிங் காலேஜில் இடம் கேட்டவர். மற்றவர் வைத்தியக் காலேஜ் விஷயமாகப் போன செண்பகம் துரைராசன். அந்த அம்மாள் மனுவே போடவில்லை! 1951இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவைச் செல்லாதாக்கியது. நாடெங்கும் கிளர்ச்சி எழுந்து, அந்த வருஷமே அரசியல் சட்டத்தை முதல் தடவையாகத் திருத்த நேர்ந்தது. மனுப் போடாமலே கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவர்கள் அவர்கள். ஜெயித்த உரிமைக்கு மனுப் போடாமலிருப்பவர்கள் நாம்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே கிண்டியில் எலக்ட்ரிக்கல் எஞ்சினீயரிங் படித்து 1943இல் முடித்த லலிதா என்பவர், 15 வயதில் கலியாணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கும் காலத்தில் எஞ்சினீயராகி, பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையிலும் பங்கெடுத்தார். அவருடைய தகப்பனார் அந்தக் காலேஜிலேயே ஆசிரியர். உங்கள் பெண்ணுக்குக் காலேஜில் தகப்பன் கிடையாது. ஆதலால்தான் சர்க்கார் பணம் வேண்டியிருக்கிறது. டெக்னிக்கல் படிப்புப் படிக்கும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் பிரகதி என்ற உபகாரச் சம்பளமும் உண்டு. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை கேட்கலாம்.

"எஞ்சினீயரெல்லாம் வேலையில்லாமல் திரிகிறானே" என்று அங்கே ஒரு தோழர் கேட்கிறார். வாஸ்தவம். பேருக்குக் கட்டடம் கட்டி வைத்திருக்கிற காலேஜில் பணத்தைக் கொட்டினால் அப்படித்தான். 7.5இல் கிண்டியோ, கோயமுத்தூர் சர்க்கார் டெக்னாலஜி காலேஜோ கிடைக்கிறபோது அதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிறதென்று எதிலாவது சேர்க்காதீர்கள். 2011இல் ஐகோர்ட் நம் சாயப்பட்டறைகளை மூடியதே, ஞாபகமிருக்கிறதா? நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் நாறிப்போனதற்குப் பிறகு! பட்டறைகளைத் திறக்க வைத்தது யாகமுமல்ல, வேப்பிலையுமல்ல. சாயத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துத் தண்ணீரைத் திரும்ப உபயோகிக்கும் ரசாயன, எஞ்சினீயரிங் வேலைதான். அந்த வேலையை நம் வீட்டுப் பிள்ளை ஏன் செய்யக்கூடாது? ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் தடவி, நடுரோட்டில் பூசணிக்காய் உடைக்கிறோம். அந்த மிஷின் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பூசணிக்காய் உடைக்காமலே செய்யப்பட்டது. பின்னலாடை மிஷினை 1589இல் கண்டுபிடித்த இங்கிலாந்துக்காரர் லீ என்பவர் ஒரு பாதிரியாம். அவரும் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் கம்பியையும் ஊசியையும் எடுத்த பிறகுதான் மிஷின் ஓடிற்று!

நாமே ஏழாம் வகுப்போடு நின்று கைமடிக்குப் போனவர்தான். ஆகையால் நான்கு வருஷம் ஒரு சம்பளம் குறைந்தால் வீட்டில் என்னவாகும் என்பது நமக்குப் புஸ்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டுக்கொள்ளுகிறோம். வரும் ஞாயிறு காலை நம் படிப்பகத்தில் கம்ப்யூட்டர் வைத்து மனுப் போட்டுக் கொடுக்க இரண்டு தோழர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மார்க்கு லிஸ்ட், ஜாதிச் சர்ட்டிபிகேட், ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளிக்கூடங்களின் விவரம், இவற்றோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். காசு ஒன்றும் வேண்டாம்.