புதுவீடு வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

(வீடு வாங்க இருப்போருக்காக நமது சங்கம் தை மாதம் நடத்திய தகவல் மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் புத்தாண்டு மலரில் இடம்பெறுகிறது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வீடு விற்கும் ஏஜென்ற் அல்ல. மோட்கேஜ் எடுத்துக் கொடுப்பவனும் அல்ல. தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இரண்டு புதுவீடுகளின் கடதாசிகளில் என் கையெழுத்து இருக்கிறது. ஒன்று 2005இல் எனக்காக வாங்கியது. மற்றது மகளுடையது. முதலாவது எனக்குப் பாடம் படிப்பித்தது. இரண்டாவது இந்த வயதில் என்னைத் திரும்பவும் கடன்காரனாக்கியது.

தலைவர் வந்து "அண்ணை, உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ" என்று கேட்டபோது மாட்டேன் என்றுதான் சொன்னேன். எங்கட ஆக்கள் வீடு வாங்கினால் ஊருக்கெல்லாம் சொல்லுவினம், குடிபுகுதலுக்கு முன்னூறு பேரைக் கூப்பிடுவினம். அந்த வீட்டால் பட்ட பாட்டை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டினம். நானும் அப்படித்தான் இருந்தேன். மகள்தான், "அப்பா, நீங்கள் சொன்னால் இன்னும் நாலு பேர் தப்புவினம், சொல்லுங்கோ" என்றாள்.

நமக்கு ஏன் புதுவீட்டில் இவ்வளவு ஆசை? என் தகப்பனார் ஊரில் வீடு கட்டினார். அத்திவாரம் போட்டது நான் பிறக்க முதல். விறாந்தைக்குச் சீமெந்து இழுத்தது நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது. ஒவ்வொரு கல்லும் எங்கே இருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பி நடந்தபோது அந்த வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டுதான் அம்மாவும் அப்பாவும் போனார்கள். திரும்பி வந்தபோது ஓடும் இல்லை, யன்னலும் இல்லை. நான் இங்கே வெல்லஸ்லி - பார்லிமென்ற் சந்தியில் பதினைந்தாம் மாடியில், ஒரு அறையில் நாலு பேராக இருந்தேன். அந்த நாட்களில் ஒரு வைராக்கியம் வந்தது. வாங்கினால் புதுவீடு. ஆரோ இருந்து கழித்த வீடு வேண்டாம், எங்கட கையாலே முதல் பால் காய்ச்சவேண்டும்.

அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்பா கட்டிய புதுவீடு வேறு, இங்கே விற்கும் புதுவீடு வேறு. அப்பா வீட்டைக் கட்டினார். நாங்கள் ஒரு ஒப்பந்தத்தை வாங்குகிறோம். வீடு பிறகுதான் வரும், ஒன்றரை வருடமோ மூன்று வருடமோ கழித்து. இந்த வித்தியாசம் எனக்கு விளங்க இரண்டு வீடு தேவைப்பட்டது.

விற்பனை அலுவலகத்துக்குப் போனால் மாதிரி வீட்டைத் திறந்து காட்டுவார்கள். ஒன்பதடிக் கூரை, பளபளக்கும் மரத்தளம், கருங்கல் பதித்த குசினி, கூரை முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள். "இது எல்லாம் வருமோ?" என்று கேளுங்கள். பாதிக்கு மேல் "அப்கிறேட்" என்று பதில் வரும். விலையில் என்னென்ன அடங்கும் என்பது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் இருக்கும். அதில் இல்லாதது உங்கள் வீட்டிலும் இருக்காது, விற்கும் பிள்ளை எவ்வளவு அன்பாகச் சிரித்துச் சொல்லியிருந்தாலும். எங்கட சமையலுக்குப் புகையை வெளியே தள்ளும் விசிறி வேண்டும், பேஸ்மென்றுக்குப் பக்கவாசல் வேண்டும், அங்கே பின்னுக்குக் குளியலறை போடக் குழாய் விட்டு வைக்கவேண்டும். இவற்றைக் கையெழுத்துக்கு முதலே எழுத்தில் கேளுங்கள். கொங்கிறீற் இறுகிய பிறகு அதை உடைத்துச் செய்வது பல மடங்கு செலவு. நான் இதையெல்லாம் விட்டுவிட்டுக் கிழக்கு வாசல் வேண்டும் என்று மட்டும் நின்றேன். அந்தக் காணித்துண்டுக்கு மேலதிகமாகப் பணம் வாங்கினார்கள். கிழக்கு வாசல் கிடைத்தது, பக்கவாசல் கிடைக்கவில்லை.

அது மார்க்கத்தில், பொக்ஸ் குரோவ் பக்கம். வீடு கையில் தருவதற்கு முதல் ஒரு நாள் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். கட்டியவரின் ஆள் ஒருவர் தாளும் பேனையுமாக முன்னே போவார். குறைகளைச் சொன்னால் அவர் எழுதவேண்டும், நாங்கள் கையெழுத்து வைக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமோ? "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு பின்னால் போனேன். அரை மணித்தியாலத்தில் முடிந்தது. சுவரில் கீறல் கண்டேன், சொல்லவில்லை. அகதிக் கோரிக்கை விசாரணையில் மேசைக்கு முன்னால் இருந்தபோது வயிற்றில் ஒரு பயம் இருந்ததே, அதே பயம். முறைப்பாடு சொன்னால் தருவதையும் தராமல் விட்டுவிடுவார்களோ என்று. வீட்டின் முழு விலையும் கொடுக்கிறேன், பயமோ எனக்கு! இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஒன்ராறியோவில் புதுவீட்டுக்குச் சட்டப்படி உத்தரவாதம் உண்டு. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. டாரியன் என்ற அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. முதல் வருடம் வேலைப்பாட்டிலும் பொருட்களிலும் உள்ள குறைகளுக்கு. இரண்டு வருடம் வரை பேஸ்மென்றுக்குள் தண்ணீர் வருதல், கூரை சுவர் வழியாகத் தண்ணீர் இறங்குதல், மின்சாரக் கம்பி, தண்ணீர்க்குழாய், சூடாக்கும் குழாய் ஆகியவற்றில் உள்ள பழுதுகளுக்கு. ஏழு வருடம் வரை கட்டிடத்தையே தாங்கும் பகுதிகளில் வரும் பெரிய பழுதுகளுக்கு. கட்டியவர் திருத்தவேண்டும், அவர் திருத்தாவிட்டால் டாரியனிடம் போகலாம். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் இந்த உத்தரவாதம் எழுதிக் கொடுப்பவனுக்குத்தான் வேலை செய்யும். குறித்த நாளுக்குள், குறித்த படிவத்தில்.

எனக்கு அந்த நாளில் முப்பதாம் நாளில் ஒரு படிவம், வருட முடிவில் ஒரு படிவம். இரண்டும் லாச்சிக்குள் கிடந்தன. முதல் பனிக்காலம் முடியக் கதவுகள் பூட்ட மறுத்தன, தளம் கிறீச்சிட்டது, குளியலறை ஓடுகளுக்கு இடையில் வெடிப்பு. நான் கட்டுமான அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். நல்ல மனிதர், "வருகிறோம், வருகிறோம்" என்றார். வருடம் போய்விட்டது. பிறகு கேட்டால், எழுத்தில் ஒன்றும் இல்லையே என்றார்கள். எல்லாவற்றையும் என் காசிலேயே திருத்தினேன்.

இரண்டாம் வருடம் பனி உருகும்போது பேஸ்மென்ற் மூலையில் தண்ணீர். பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, குஜராத்திப் பெண்மணி, வந்து பார்த்தார். "இது இரண்டு வருடத்துக்கு உட்பட்டது. இண்டைக்கே எழுது" என்று மேசையில் இருத்தி எழுதுவித்தார். படம் பிடித்தோம், திகதி போட்டோம், அனுப்பினோம். வந்து வெளிப்பக்கத்தால் கிண்டி அத்திவார வெடிப்பை அடைத்துக் கொடுத்தார்கள். ஒரு சதம் செலவில்லை. அதே கட்டியவர், அதே வீடு, அதே நான். வித்தியாசம் அந்த ஒரு தாள்தான். படிவங்களும் நாட்கணக்கும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. ஆகவே அண்ணன் சொன்னார், மச்சான் சொன்னார் என்று இருக்காமல் உங்கள் வீட்டுக்குரிய திகதிகளைக் கலண்டரில் எழுதிக் குசினியில் தொங்கவிடுங்கள்.

இனி மகளின் கதைக்கு வருகிறேன்.

2022 மாசி மாதம். வீட்டு விலை ஏறிக்கொண்டே போன காலம். பழைய வீடு ஒன்றுக்கு விலை கேட்டால் இருபது பேர் போட்டி. மகளும் மருமகனும் ஆறு தரம் தோற்றுப் போனார்கள். அப்போது நான்தான் சொன்னேன், "புதுவீட்டுக்குப் போங்கோ. போட்டி இல்லை, சொன்ன விலை. வீடு முடிய இரண்டு வருடம் போகும், அதுக்குள்ளே விலையும் ஏறிவிடும்." ஒஷாவாவுக்கு வடக்கே தனிவீடு, 10 இலட்சத்து 40 ஆயிரம் டொலர். டிப்போசிற் ஐந்து தவணையாக ஒரு இலட்சம். மிச்சம் இருபது வீதத்தையும் தாங்கள் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் பிழை இல்லை. அந்த நேரம் கனடா மத்திய வங்கியின் வட்டி வீதம் கால் வீதம்.

2023 ஆடியில் அது 5 வீதம். விலைகள் இறங்கிவிட்டன. 2024 வைகாசியில் வீடு முடிந்தது, அதுவும் இரண்டு தரம் திகதி தள்ளிப் போன பிறகு. வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பியது. அவர் போட்ட மதிப்பு 8 இலட்சத்து 70 ஆயிரம்.

இளம் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். வங்கி நீங்கள் ஒப்புக்கொண்ட விலைக்குக் கடன் தராது. அன்றைய மதிப்புக்குத்தான் தரும். 8 இலட்சத்து 70 ஆயிரத்தில் எண்பது வீதம் 6 இலட்சத்து 96 ஆயிரம். அவர்கள் எதிர்பார்த்தது 8 இலட்சத்து 32 ஆயிரம். இடையில் துண்டுவிழுந்தது 1 இலட்சத்து 36 ஆயிரம் டொலர். அதை வைத்தால்தான் திறப்பு. வைக்காவிட்டால் டிப்போசிற் ஒரு இலட்சமும் போகும். அதோடு முடியாது. கட்டியவர் வீட்டை வேறு ஆளுக்குக் குறைந்த விலைக்கு விற்று, அந்த நட்டத்தையும் தரச்சொல்லி வழக்குப் போடலாம்.

"வங்கி முதலே சம்மதம் தந்ததுதானே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சாதாரணமாக அந்தச் சம்மதமும் வட்டி வீதமும் மூன்று நாலு மாதத்துக்குத்தான் செல்லும். இரண்டு வருடம் கழித்து வருமானம், வட்டி, மதிப்பு எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பார்கள்.

மகள் மூன்று இரவு நித்திரை கொள்ளவில்லை. நாலாம் நாள் நான் கடன் முடித்து வைத்திருந்த என் வீட்டைத் திரும்ப ஈடு வைத்தேன். மனிசி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உறுதியை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தா. அவ்வளவுதான். பிள்ளைகள் மாதா மாதம் தங்கள் பங்கைத் தருகிறார்கள். ஆனால் எங்களைப்போல் கைகொடுக்க ஆளில்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். அதற்காகத்தான் இங்கே நிற்கிறேன்.

அப்போ புதுவீடு வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். என் மகளின் வீடு நல்ல வீடு. சூடு வெளியே போகாது, கூரைக்கும் ஃபேர்னசுக்கும் உடனே செலவில்லை. பழைய வீட்டில் இவை இரண்டுமே ஒரு வருடத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். நான் சொல்வது, முதல் வீடு வாங்குபவர் துண்டுவிழுந்தால் போடக் கையிருப்பு உள்ளவராக இருக்கவேண்டும். சீட்டுக் காசை டிப்போசிற்றாகக் கட்டியவருக்கு அந்தக் கையிருப்பு இல்லை. அவர் பழைய வீட்டைப் பார்ப்பதே நல்லது. இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். இன்றைய விலை, இன்றைய வட்டி. இடைவழி ஒன்றும் இருக்கிறது. கட்டி மூன்று நாலு வருடமான வீடு. ஏழு வருட உத்தரவாதத்தில் மிச்சமுள்ள காலம் வீட்டோடேயே வரும். புல்லும் முளைத்திருக்கும், வேலியும் போட்டிருக்கும்.

புதுவீடுதான் என்று நிற்பவர்கள் கையெழுத்துக்கு முதல் ஒப்பந்தத்தைப் புதுவீட்டு அலுவல் தெரிந்த சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கொண்டோ என்றால் மனம் மாறப் பத்து நாள் சட்டத்திலேயே உண்டு. மகள் தனிவீட்டுக்குக் கையெழுத்து வைத்தபோது அப்படி ஒரு நாளும் இருக்கவில்லை. முடிவுநாளில் அபிவிருத்திக் கட்டணம், மீற்றர், மரம் நடுதல் என்று கட்டியவர் சேர்க்கும் செலவுகளுக்கு ஒரு உச்சவரம்பு போடச் சொல்லிக் கேளுங்கள். கட்டுபவருக்கு உரிமம் உண்டா என்று பாருங்கள். 2021 மாசி முதல் உரிமம் கொடுப்பது தனி அமைப்பு, அவர்களின் பெயர்ப்பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கலாம். ஆர்.ஆர்.எஸ்.பி. பணத்தை முதல் வீட்டுக்காக எடுத்தால் அடுத்த வருடம் ஒக்ரோபர் முதலாம் திகதிக்கு முன் வீடு உங்கள் கைக்கு வரவேண்டும். மூன்று வருடம் கழித்து வரும் வீட்டின் டிப்போசிற்றுக்கு அதில் கைவைத்தால் சிக்கல். ஸ்காபரோ ரொறன்ரோ மாநகருக்குள் இருப்பதால் அங்கே காணி மாற்று வரி இரண்டு. மார்க்கத்திலும் ஏஜக்சிலும் ஒன்று.

ஐயரிடம் குடிபுகும் நாள் கேட்க அவசரப்படாதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள முதல் திகதி உத்தேசத் திகதிதான். மகள் அப்பார்ட்மென்றை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, சாமான்களை எங்கள் பேஸ்மென்றில் அடுக்கி, நாலு மாதம் எங்களோடு இருந்தாள். பேரப்பிள்ளையோடு இருந்த அந்த நாலு மாதம் எனக்கு நட்டமில்லை, அது வேறு கதை.

நேரம் போய்விட்டது, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். மகள் பின்வரிசையில் இருக்கிறாள். ஒப்பந்தம், வங்கிக் கடிதம், மதிப்பீட்டு அறிக்கை எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டு வந்திருக்கிறாள். தேநீர் நேரம் அவளிடம் கேட்டால் காட்டுவாள். என்னிடம் கேட்கக் கூச்சப்படுபவர்கள் அவளிடம் கேளுங்கள்.