சுபேதார் மேஜர் பாலே திவாரி

(தேசிய விளையாட்டு நாளையொட்டி குன்றத்தூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



ஆகஸ்ட் 29 தயான்சந்த் பிறந்த நாள் என்று காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோரும் சொல்லிவிட்டோம். நான் பேச வந்தது பாலே திவாரியைப் பற்றி. இந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

தயான்சந்தின் தந்தை ராணுவத்தில் இருந்தவர். அடிக்கடி இடமாற்றம். பையனின் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றது. தொழிற்சாலை வேலைக்காக இந்தப் பக்கம் வந்து, ஆண்டின் நடுவில் டி.சி. வாங்கிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் உங்களுக்கு நினைவுக்கு வருவார்கள். 1922இல் சிப்பாயாகச் சேர்ந்தபோது அவருக்கு ஹாக்கி ஒரு பொருட்டே இல்லை. பிடித்தது மல்யுத்தம்.

அவர் சேர்ந்த படைப்பிரிவில் சுபேதார் மேஜராக இருந்தவர் பாலே திவாரி. ஹாக்கிப் பிரியர். அவர்தான் அந்த இளைஞனுக்கு ஆட்டத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தவர். படைமுகாமில் ஹாக்கிக்கென்று தனி நேரம் கிடையாது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஆடினார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. திறமையைக் கண்டுபிடித்தபின் வாய்ப்புத் தரவில்லை. ஆடவிட்ட பிறகுதான் திறமையே தெரிந்தது.

நாலே ஆண்டில், 1926இல், நியூசிலாந்து சென்ற ராணுவ அணியில் இடம். திரும்பியதும் லான்ஸ் நாயக் பதவி. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 14 கோல், தங்கம். பிறகு 1932, 1936. சிப்பாயாகச் சேர்ந்தவர் மேஜராக ஓய்வுபெற்றார். பின்னர் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் அவரே பயிற்சியாளரானார்.

திவாரியைப் பற்றிப் பெயர், பதவி, இந்த ஒரு செயல் ஆகியவற்றுக்கு மேல் யாரும் அதிகம் எழுதவில்லை. நம்மில் பலருக்கும் அப்படித்தான் அமையும்.

தேர்வு நெருங்கினால் முதலில் கடன் கேட்கப்படுவது பி.டி. பீரியட்தான். (கணக்கு ஆசிரியர்கள் கோபிக்கக் கூடாது.) விளையாட்டுப் பொருள்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன, இருப்புப் பதிவேடும் சரியாக இருக்கிறது. ஆனால் மட்டையைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்று நாம் எப்படிச் சொல்கிறோம்?

எங்கள் பள்ளியில் அந்த பீரோ சாவி இப்போது ஓர் எட்டாம் வகுப்பு மாணவியிடம் இருக்கிறது. மதிய இடைவேளையில் கேட்கிற பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்து, நோட்டில் பெயர் எழுதிக்கொள்கிறாள். இதுவரை காணாமல் போனது ஒரு டென்னிஸ் பந்து.