முதற்பாடத்துக்கு எந்த இயங்குதளம்?



பல வீடுகளில் பழைய மடிக்கணினி ஒன்று அலமாரியில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்றுவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய மத்தியச் செயலியும் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. அதற்காக அதைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். கணினியைக் கற்க விரும்பும் பிள்ளைக்கு அதுவே நல்ல பள்ளிக்கூடமாகும்.

இயங்குதளம் என்பது யாது? தோட்டத்தில் வேலையைப் பங்கிட்டு மேற்பார்வையிடும் கங்காணியைப் போன்றது அது. எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம், எப்போது மத்தியச் செயலியின் நேரம் என்பதை அதுவே முடிவு செய்கிறது. பெரும்பாலான வணிக இயங்குதளங்களின் உள்ளமைப்பை நாம் திறந்து பார்க்க இயலாது. இந்நிலையை மாற்ற 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவை இணைந்து பிறந்ததே இன்றைய லினக்ஸ் குடும்பம். அதைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். காசில்லாமல் கிடைப்பதைவிட, திறந்து பார்த்துக் கற்கலாம் என்பதே மாணவனுக்குப் பெரிய செல்வம்.

ஆனால் இக்குடும்பத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, நம் கணினி அதைத் தாங்குமா? இரண்டாவது, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்? மூன்றாவது, தடுமாறும்போது வழிகாட்டும் குறிப்புகள் எளிதில் கிடைக்குமா?

இம்மூன்றுக்கும் நல்ல விடையாக அமைவது லினக்ஸ் மின்ட். 2006-இல் தொடங்கிய இது, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. ஆகையால் உபுண்டுவுக்கு எழுதப்பட்ட விளக்கங்களில் பெரும்பகுதி இதற்கும் பொருந்தும். 2024-இல் வெளிவந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகம் போதும். 4 இருந்தால் சிரமமின்றி ஓடும். வலுக்குறைந்த கணினியாயின், அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ச் போன்றவற்றை நிறுவுவதற்கே கட்டளைகள் பல தெரிந்திருக்க வேண்டும். அவை நல்லவையே, ஆனால் முதல் வகுப்புக்கு உரியவை அல்ல.

நேயர்களே, ஆழம் அறியாமல் காலை விடவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பென் டிரைவில் மின்ட்டைப் பதிந்து, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் உள்ளது அப்படியே இருக்கும். திரை, ஒலி, வைஃபை யாவும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். மனநிறைவு ஏற்பட்ட பிறகே நிறுவுங்கள். அதற்கு முன், குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். நிறுவும்போது வன்தட்டை முழுவதும் அழிக்கும் தேர்வும் உண்டு. அழிந்ததை மீட்பது அரிது. பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் தேவைப்படும் கணினியில் இச்சோதனை வேண்டாம். கட்டுரை எழுத லிப்ரே ஆஃபிஸ் உடன் வரும். வேர்டு கோப்புகளை அது திறக்கும், ஆனால் பக்க அமைப்பு சில வேளைகளில் சற்று மாறலாம்.

நிறுவியபின் பலர் செய்வது என்ன? வாரம் ஒரு லினக்ஸாக மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். அதனால் கண்ணுக்குப் புதிய திரைகள் கிடைக்கும், அறிவு வளராது. ஆறு மாதம் ஒன்றிலேயே நிலைத்திருங்கள். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கோப்புகளைப் பட்டியலிடவும், நகர்த்தவும், யாருக்கு எந்த உரிமை என்று பார்க்கவும் பழகுங்கள். ஒரு கட்டளையின் பொருள் தெரியாமல் அதை இடாதீர்கள். 'சூடோ' என்று தொடங்கினால் இருமடங்கு கவனம் தேவை.

பெற்றோர்களே, அந்தப் பழைய கணினியில் பிள்ளை எதையாவது கெடுத்துவிட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். பென் டிரைவ் கையில் இருக்கிறது; மறுபடியும் நிறுவிக்கொள்ளலாம். அஞ்சாமல் கழற்றி மாட்டிப் பழகிய பிள்ளைதான் நாளை பிறருடைய கணினியையும் பொறுப்போடு கையாளும்.