பிள்ளைகளை மேடைக்கு அனுப்புங்கள்

(கோவில்பதாகையில் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இந்த யூபிலி ஆண்டில் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேலை நிறைய இருக்கிறது. முதலில் விளையாட்டு விழா; அடுத்துப் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி; நிறைவாக ஆண்டு விழாவன்று மாணவர் நாடகம். மற்றவற்றுக்குச் சுற்றறிக்கை உங்கள் கைக்கு வரும். நாடகத்தைப் பற்றி மட்டும் நேரில் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் ஒத்திகை நடக்கும்போது ஒரு தகப்பனார் வந்தார். "சார், பையன் பத்தாவது. டியூஷன் போகணும். நாடகத்திலிருந்து எடுத்துவிடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கவலையோடு சொன்னார். ஷிப்டு முடித்து வேலைச் சட்டையோடு வந்திருந்தார். பையன் தலை குனிந்து நின்றான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று அவன் சொல்வது எனக்கே கேட்காது. ஒத்திகையிலோ அவன் குரல் கடைசிப் பெஞ்சு வரை போகிறது. தகப்பனார் அதைக் கேட்டதில்லை. அன்று அவருக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை இன்று உங்கள் எல்லோர் முன்னும் சொல்கிறேன்.

நாடகம் படிப்புக்குப் பகை என்ற அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் ஔவையார் வேடத்தால் ஔவை சண்முகம் என்று புகழ் பெற்ற தி. க. சண்முகம், சிறு பிள்ளையாக அதில் சேர்ந்தவர். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை விட்டுத்தான் மேடையேற வேண்டியிருந்தது. இன்றைக்கு நாமோ டியூஷனுக்காக மேடையை விடச் சொல்கிறோம்.

பள்ளி நாடகம் அப்படியல்ல. அது படிப்பின் ஒரு பகுதி. 1599-ல் இயேசு சபையார் வெளியிட்ட கல்வித் திட்டத்திலேயே மாணவர் நாடகத்துக்கு விதி வகுத்திருந்தார்கள். பிரெஞ்சு நாடக மேதைகளான கொர்னேயும் மோலியேரும் அவர்களுடைய கல்லூரிகளில் படித்தவர்களே. இத்தாலியின் துரின் நகரில் புனித ஜான் போஸ்கோ இன்னும் ஒரு படி மேலே போனார். அங்கே புதிய மெட்ரிக் அளவைகள் நடைமுறைக்கு வரவிருந்த நேரம். ஏழைகள் கடையில் ஏமாறிவிடக் கூடாதே என்று, அந்த அளவைகளையே நகைச்சுவை உரையாடலாக எழுதி, 1849-ல் தம் சிறுவர்களை நடிக்க வைத்தார். நம் நாட்டில் 1957-ல் நயா பைசா வந்தபோதும், பிறகு வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தபோதும், நம் பாட்டிமார் பட்ட பாட்டுக்கு அப்படி ஒரு நாடகம் எவ்வளவு உதவியிருக்கும்!

நான் பள்ளியில் படித்த காலத்தில் எனக்கு வேடம் கிடைக்கவில்லை. படுதா இழுக்கும் வேலைதான் கிடைத்தது. அரசர் இறப்பதற்கு முன்பே படுதாவை இழுத்துவிட்டேன். அவர் படுதாவுக்கு வெளியே வந்து விழுந்து இறந்தார். சபை சிரித்தது, நான் அழுதேன். ஆனால் ஒருவர் தவறினால் முப்பது பேர் உழைப்பு வீணாகும் என்பதை எந்தப் பாடப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

இம்முறை நம் பிள்ளைகள் நடிப்பது ஊதாரிப் பிள்ளையின் கதை. இளைய மகன் வேடத்துக்கு ஒரே போட்டி. மூத்தவன் வேடத்துக்கு ஆளே வரவில்லை. நான் சொன்ன பையன்தான் முன்வந்தான். உள்ளே விருந்து நடக்க, மூத்தவன் மனம் கசந்து வெளியே நிற்கிறான். தகப்பன் எழுந்து வெளியே வந்து, உள்ளே வா மகனே என்று கெஞ்சி அழைக்கிறார். அந்தக் காட்சி இல்லாவிட்டால் உவமை பாதியில் நின்றுவிடும்.

பெற்றோரே, எங்கள் பங்குக்குச் சில உறுதிகள் தருகிறோம். ஒத்திகை மாலை ஐந்தரைக்கு முடியும். தேர்வு வாரத்தில் ஒத்திகை கிடையாது. உடைக்கு என்று ஒரு காசும் கேட்க மாட்டோம். வீட்டில் இருக்கும் வேட்டி, துண்டு, பழைய புடவை போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தை நானே உட்கார்த்திச் சொல்லித் தருவேன்.

உங்களிடம் கேட்பது இரண்டு. பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். விழாவன்று உங்கள் பிள்ளை வரும் காட்சியைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு எழுந்து போகாமல், படுதா இழுக்கும் பிள்ளைக்கும் கை தட்டிவிட்டுப் போங்கள்.

அந்தத் தகப்பனாரும் இங்கே அமர்ந்திருக்கக்கூடும். ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நாளை மாலை கால் மணி நேரம் ஒத்திகைக்கு வந்து, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் மகனின் குரலைக் கேளுங்கள். அதன் பிறகும் அழைத்துப் போக வேண்டும் என்றால் நான் தடுக்க மாட்டேன்.

இறையாசீர் நம் எல்லோர் மேலும் தங்குவதாக.