நிதியியல் மேற்பட்டமும் நம் பிள்ளைகளின் வேலைவாய்ப்பும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிறைந்த இம்மாலைப் பொழுதில் பட்டத்தையும் கடனையும் பற்றிப் பேச வந்து நிற்கிறோம். கோலாட்டத்துக்கு அணிசெய்துகொண்ட குழந்தைகள் திரைக்குப் பின்னே காத்திருப்பதை அறிவோம். ஆதலின் நேரம் கடத்தோம். சென்ற சில மாதங்களில் நம் காலனியின் மூன்று இல்லத்தார் எம்மிடம் ஒரே வினாவைத் தொடுத்தனர். "பையன் பி.காம். முடித்துவிட்டான்; நிதியியலில் மேற்பட்டம் படிக்க வைத்தால் உத்தியோகம் உறுதிதானே?" என்பதே அது. அவருள் ஒருவர் ஊரிலுள்ள பூர்விக வீட்டை அடகு வைக்கவும் துணிந்திருந்தார். வீட்டின் மீதே கைவைக்கும் அளவுக்கு வந்துவிட்ட வினாவைத் திண்ணைப் பேச்சோடு விட்டுவிடுதல் தகாது எனக் கருதியே இங்கு எடுத்துக்கொண்டோம்.

நம் தந்தையர் காலத்தில் இவ்வினா எழவே இல்லை. பள்ளியிறுதித் தேர்வு, தட்டெழுத்திலும் சுருக்கெழுத்திலும் 'ஹையர்', கையில் ஒரு டிரங்குப் பெட்டி. இவ்வளவோடு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறித் தில்லி வந்திறங்கினர். மத்திய அரசின் அலுவலகங்களில் அமர்ந்தனர். அவர்தம் தகுதியை அளப்பது எளிதாயிருந்தது. மேலதிகாரி ஒரு கடிதத்தை வாய்மொழியாகச் சொல்வார். பத்து நிமிடத்தில் பிழையின்றித் தட்டெழுதித் தந்தால் வேலை கிட்டும். எந்த ஊர் இன்ஸ்டிட்யூட்டில் கற்றாய் என எவரும் கேட்டிலர்.

இன்றைய நிதியியல் பட்டத்தை அங்ஙனம் பத்து நிமிடத்தில் அளக்க இயலாது. ஒரு நிறுவனத்தின் மதிப்பைக் கணிக்கவும், கடன் கேட்டு வருவோன் திருப்பித் தருவானா என ஆராயவும் ஓர் இளைஞனுக்குத் தெரியுமா என்பதை, வேலைக்கு எடுத்து ஓராண்டு கழிந்த பின்னரே முதலாளி உணர்வான். ஆகவே அவன் பட்டத்தைப் பார்க்கிறான். பட்டத்தைவிட, அதைத் தந்த இடத்தைப் பார்க்கிறான். மைக்கேல் ஸ்பென்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1973-இல் இதனையே ஒரு கோட்பாடாக வகுத்தார். படிப்பு அறிவைக் கூட்டுவதோடன்றி, திறமையைக் காட்டும் ஓர் அடையாளமாகவும் சந்தையில் பயன்படுகிறது என்றார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எளிதில் எவர்க்கும் கிட்டும் அடையாளம் அடையாளமாகாது என்பது அக்கோட்பாட்டின் உட்பொருள். நுழைவுத் தேர்வே இன்றிப் பணம் கட்டினோர்க்கெல்லாம் இடம் தரும் கல்லூரியின் பட்டம் ஏன் மதிப்புப் பெறுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

நிதியியல் மேற்பட்டம் என்பதும் ஒரே சரக்கன்று. எம்.காம். உண்டு, நிதியைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. உண்டு, எம்.எஸ்ஸி. உண்டு, தனியார் தரும் டிப்ளமோக்களும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்தில் நிதியியல் கற்பிக்கும் துறை இருக்கிறது. 1961-இல் தோன்றிய கல்கத்தா, ஆமதாபாத் மேலாண்மைக் கழகங்களும் இருக்கின்றன. இத்தகைய இடங்களுக்கு முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் தாமே தேடி வருகின்றன. பெயர்ப்பலகையில் அதே 'நிதி' என்னும் சொல்லைத் தாங்கிய பிற இடங்களுக்கு அவை எட்டியும் பார்ப்பதில்லை.

எந்த வேலைக்கு எது வேண்டும் என்பதையும் காண்போம். பொதுத்துறை வங்கிகளில் புரொபேஷனரி ஆபீசர் தேர்வு எழுத ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டமே போதும். ரிசர்வ் வங்கியின் பொதுப் பிரிவு அதிகாரி தேர்வுக்கும் இளநிலைப் பட்டமே அடிப்படை. ஆனால் அவ்வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைப் பணிக்கு மேற்பட்டம் கட்டாயம். கல்லூரி ஆசிரியராக விரும்புவோர்க்கு எம்.காம். பட்டமும் 'நெட்' தேர்வும் உதவும். நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்து கையொப்பமிட வேண்டுமெனில் எத்தனை மேற்பட்டம் இருந்தும் பயனில்லை. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பட்டயக் கணக்கராக, நம் வழக்கில் ஆடிட்டராக, இருந்தாக வேண்டும். வங்கி வேலைக்கென்றே மகனை மேற்பட்டத்துக்கு அனுப்பப் புறப்பட்ட ஒரு நண்பர், இச்செய்தியைக் கேட்டுச் சற்று நேரம் பேச்சற்று இருந்தார்.

இனி எம் குடும்பத்துக் கதை ஒன்று. எம் தம்பி மகனை ஒரு தனியார் நிறுவனத்தில் நிதியியல் டிப்ளமோவில் சேர்த்தோம். விளம்பரத் தாளில் 'நூற்றுக்கு நூறு வேலை உதவி' எனப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். 'வேலை' என்ற சொல்லைப் படித்தோம். 'உதவி' என்ற சொல்லைப் படித்தோமில்லை. ஈராண்டு முடிவில் அவனுக்குக் கிட்டியது வீடுவீடாகச் சென்று கடன் அட்டை விற்கும் வேலை. பி.காம். முடித்த அன்றே அவ்வேலை அவனுக்குக் கிடைத்திருக்கும். அவனை நாம் குறைகூறவில்லை. தாளைச் சரியாகப் படியாத பெரியவர்களாகிய நாமே அதற்குப் பொறுப்பு.

அத்தாளில் 'சராசரி ஊதியம்' என ஒரு தொகையும் இருந்தது. ஐவர் படித்தனர் எனக் கொள்வோம். நால்வர்க்கு ஆண்டுக்கு 5 லட்சம். ஒருவனுக்கு மட்டும் 30 லட்சம். சராசரி 10 லட்சம் என வரும். ஆனால் அத்தொகையை வாங்குவோன் அவ்வகுப்பில் ஒருவனும் இல்லை. நடுவில் நிற்பவனுக்குக் கிடைப்பது யாது எனக் கேட்பதே முறை. அது 5 லட்சம். எத்தனை பேர் வேலை பெறாது வெளியேறினர், அவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்பதும் கேட்கத்தக்கது.

கட்டணம் மட்டுமே செலவு என எண்ணுதலும் பிழை. 10 லட்சம் கட்டணம். ஈராண்டு வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கும் ஊதியம், மாதம் 25,000 எனக் கொண்டால், 6 லட்சம். ஆக 16 லட்சம். அப்பத்து லட்சத்தையும் பத்து விழுக்காடு வட்டிக்குக் கடன் பெற்று ஏழாண்டில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 16,600 ரூபாய். படிப்பின் பின் மாத ஊதியம் 25,000-இலிருந்து 35,000-ஆக உயர்ந்தாலும், அவ்வுயர்வு தவணைக்கே போதவில்லை.

அவ்வாறாயின் படிக்கவே வேண்டாமோ எனின், அங்ஙனம் கூறோம். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2022-23-இல் நாட்டின் மொத்த வேலையின்மை 3.2 விழுக்காடு, பட்டதாரிகளிடையே 13.4 விழுக்காடு. பட்டம் தீங்கு செய்கிறது என்பது இதன் பொருளன்று. வறியவன் கிடைத்த வேலையைச் செய்தாக வேண்டும். பட்டதாரி தனக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கிறான். மேற்பட்டம் சிலரது காத்திருப்பை முடித்து வைக்கிறது. வேறு சிலர்க்கு அதை ஈராண்டு தள்ளி வைக்கிறது, அவ்வளவே. நல்ல இடம் கிட்டின் தயங்காது சேர்க்கலாம். கிட்டாவிடில், இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு மீண்டும் நுழைவுத் தேர்வு எழுதலாம். கணக்கில் ஊன்றிய பிள்ளைக்குப் பட்டயக் கணக்கர் வழி உண்டு. கட்டணம் குறைவு, 2023-இல் வந்த புதிய முறையில் பயிற்சிக்காலமும் ஈராண்டாகக் குறைந்தது, பயிற்சியின்போது சிறு உதவித்தொகையும் உண்டு. ஆனால் தேறுவோர் சிலரே. பலமுறை தவறியும் மனம் தளராதவனுக்கே அவ்வழி.

தாய்மார்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறோம். எம்மிடம் வந்த மூன்று இல்லத்தாரும் மகனைக் குறித்தே கேட்டனர். அவர்களுள் ஓர் இல்லத்தில் மகளும் பி.காம். முடித்திருக்கிறாள், அண்ணனினும் மிகுந்த மதிப்பெண். "அவளுக்கு அஞ்சல்வழி எம்.காம். போதும், வரன் பார்க்கிறோம்" என்றனர். வீட்டை அடகு வைப்பதெனில், எந்தப் பிள்ளையின் பெயரால் வைப்பது அறிவுடைமை என அவ்வில்லத்தார் இன்னும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அப்பெண் இப்போது மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவள் எழுதிய நுழைவுத் தேர்வின் முடிவு வர இன்னும் சில நாள்களே உள்ளன.

சங்க நூலக அறையில் ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் நாமும், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் இருவரும் இருப்போம். கல்லூரிகளின் விளம்பரத் தாள்களைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம். கோலாட்டக் குழந்தைகள் இதோ மேடையேறுகின்றனர்.